வயதானவர்களுக்கு டயட் சொல்லித் தருவது வீண் வேலையா?

6 ஏப்ரல் 2025, காலை (மாம்பலம் மகன்)

அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை ரொம்ப வருடமாக, பி.பி. உண்டு, இப்போது கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று பேப்பர் தொங்குகிறது. சர்க்கரைக்குக் கொடுத்ததில் சுண்டலும் கீரையும் நிறையச் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. கிட்னி பேப்பரில் அதே சுண்டலுக்கும் கீரைக்கும் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. இதயத்துக்கு ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய். ஓட்ஸைப் பார்த்த அம்மா, "போஸ்டர் ஒட்டவா இது?" என்று கேட்டார். இப்போது ரசம் சாதம், இட்லி, அவ்வளவுதான் சாப்பாடு. ஜனவரியில் 62 கிலோ இருந்தவர் இன்று 58. என் கட்சி இதுதான்: எழுபதைத் தாண்டியவர்களுக்கு டயட் பாடம் எடுப்பது வீண், அவர்கள் கேட்கவே மாட்டார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

6 ஏப்ரல், இரவு (தராசுக்காரி)

மறுக்கிறேன். பிழைப்பே அதுதான், சென்னையில் டயட்டீஷியன் வேலை, பாதி நாள் முதியோர் ஓ.பி.யில்.

உங்கள் அம்மா கேட்காதவர் இல்லை, மூன்று பேர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கேட்டவர். மூன்று பேப்பரிலும் யாரும் வேண்டாம் என்று சொல்லாதது எதுவோ அதை மட்டும் சாப்பிடுகிறார், அது ரசம் சாதத்தில் வந்து நிற்கிறது. 62லிருந்து 58 என்றால் 6 சதவீதத்துக்கும் மேல். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் தானாக எடை குறைந்தாலே நாங்கள் கவலைப்பட ஆரம்பிப்போம். இந்த வயதில் எடை போனால் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகும், தசை போனால் பாத்ரூமில் வழுக்கினால் பிடித்து நிற்கத் தெம்பு இருக்காது. அதனால் இன்றைக்கு அவசரம் சர்க்கரையும் இல்லை, கிரியாட்டினினும் இல்லை, அவர் தட்டுதான்.

இரண்டு கேள்வி. கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு? வீட்டில் சமைப்பது யார்?

7 ஏப்ரல் (தராசுக்காரி)

அம்மாவின் பொட்டாசியம் 4.4 என்கிறார் மாம்பலம் மகன். சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்கலாம், ஆக சரியான இடத்தில் இருக்கிறது. கிரியாட்டினின் ஏறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பொட்டாசியம் உள்ள பழம், கீரை, பருப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டியதில்லை. பொட்டாசியம் ஏறினால் அப்போது கட்டுப்படுத்தலாம், அப்போதும் காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் கணிசமாகக் குறையும். புரதத்தையும் கிட்னிக்காக அடியோடு குறைக்கத் தேவையில்லை. டயாலிசிஸ் இல்லாதவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்று வைத்தால் 58 கிலோவுக்கு நாளுக்கு 46 கிராம் வருகிறது, மெலிந்துபோன வயதானவர் என்றால் கொஞ்சம் கூடவும் கொடுக்கலாம் என்றுதான் இப்போது சிறுநீரக வழிகாட்டுதலே சொல்கிறது. ரசம் சாதத்தில் அதில் பாதி தேறினாலே பெரிது. ஒரு முட்டை 6 கிராம், 30 கிராம் துவரம்பருப்பு கிட்டத்தட்ட 7, ஒரு டம்ளர் பால் 6 அல்லது 7. இதை எடுத்துக்கொண்டு உங்கள் சிறுநீரக மருத்துவரிடமே காட்டி ஒப்புதல் வாங்குங்கள், நான் இங்கே அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பேசுகிறேன்.

மூன்று பேப்பரையும் ஒன்றாக்கித் தரும் ஆள் வேண்டும், அதுதான் முதியோர் மருத்துவரின் வேலை. இந்தியாவில் முதியோருக்கென்று தனி ஓ.பி. முதலில் வந்ததே நம்ம சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான், 1978ல், டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கியது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ல் திறந்திருக்கிறார்கள். மாம்பலத்திலிருந்து நான்கு ஸ்டேஷன் கூட இல்லை.

9 ஏப்ரல் (தராசுக்காரி)

சமைப்பது சமையல்கார அம்மாவாம், காலை ஏழு மணிக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடுவாராம். அந்த அம்மாவிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா? மூன்று பேரிடமும் பாடம் கேட்டது மகன், சாப்பிடுவது அம்மா, உப்பு போடுவது மூன்றாவது ஆள். இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அப்பாவுக்குத் துணையாக வருவது பையன், ஆபீஸுக்கு லேட்டாகிறது என்று ஒரு கண் போனில் இருக்கும், நான் சொல்வதற்கெல்லாம் "ஓகே மேடம்". சாம்பாரில் உப்பு எத்தனை ஸ்பூன் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இப்போதெல்லாம் நான் அங்கேயே போன் போடச் சொல்லிச் சமைப்பவரிடம் பேசிவிடுகிறேன். ஸ்பீக்கரில் மிக்ஸி சத்தம் கேட்டால் சரியான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

உப்புக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதுதான். யாரும் கிராம் தராசு வைத்துச் சமைப்பதில்லை. ஆனால் உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதலாம். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும், இரண்டு பேர் என்றால் 100 நாள். பலருக்கு மாதக் கடைசியில் அடுத்த பாக்கெட் வந்துவிடும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் இதெல்லாம் பாக்கெட் கணக்கில் வராது, அது தனி வரவு.

9 ஏப்ரல், பிற்பகல் (தராசுக்காரி)

இந்துப்பு போட்டால் உப்புக் கணக்கு இல்லையா என்று கேட்டவருக்கு: இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் மட்டும் சேர்ந்திருக்காது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது வேறு சமாசாரம், அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி பலவீனமானவருக்கும், பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவருக்கும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கவே வாங்காதீர்கள். பாசமுள்ள மகன்கள்தான் இதை அதிகம் வாங்கித் தருகிறார்கள்.

15 ஏப்ரல் (தராசுக்காரி)

நேற்று வருஷப்பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி சாப்பிடலாமா என்று வந்த கேள்விக்கு இன்றைக்குப் பதில் போட்டு என்ன பயன். சாப்பிட்டிருப்பீர்கள். நல்லது.

23 ஏப்ரல் (தராசுக்காரி)

"எல்லாம் விளக்கமாகச் சொல்லித்தான் அனுப்புகிறோம், புரிந்ததா என்றும் கேட்கிறோம்" என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். அவர் மேல் கோபம் இல்லை, ஆனால் "புரிந்ததா" என்று கேட்டால் நம் ஊரில் எந்தப் பெரியவர் "புரியவில்லை" என்பார்? கோட்டு போட்டவர் எதிரில் தலையாட்டுவதுதான் மரியாதை. நான் கேட்பது வேறு. "ஐயா, வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாங்க, என்ன சொன்னாங்கன்னு. என்ன சொல்வீங்க?" அப்போதுதான் உண்மை வெளியே வரும். சர்க்கரை நிறுத்திவிட்டேன் என்று சத்தியம் பண்ணிய ஒருவர், காபிக்கு நாட்டுச் சர்க்கரை இரண்டு ஸ்பூன் என்றார், அது வெள்ளைச் சர்க்கரை இல்லையே என்று. கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாமே இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. இன்னொரு பாட்டி அரிசியை விட்டுவிட்டுக் காலை, மாலை இரண்டு வேளையும் கேழ்வரகுக் கஞ்சி குடித்தார், சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கேழ்வரகு நல்லதுதான், கால்சியம் அதில் இருக்கும் அளவுக்கு வேறு தானியத்தில் இல்லை. ஆனால் நைசாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அதையே முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் மென்று தின்ன வேண்டும், மெதுவாக ஏறும். பல் இல்லாதவருக்கு அடை எப்படி என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. பல் செட் கட்டும் செலவை யாரும் டயட்டில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும்.

அப்புறம் காது. பாதிப் பேருக்கு நான் சொல்வது கேட்பதே இல்லை, கேட்டதுபோல் சிரிப்பார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, கத்தாமல் நிதானமாகப் பேசினால் போதும். பேப்பர் என்றால் பெரிய எழுத்தில், தமிழில், ஒரு பக்கம். ஒரு தடவைக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் சொன்னால் வீடு போவதற்குள் முதலாவது போய்விடும். "தவிர்க்கவும்" என்ற பட்டியலை நான் கொடுப்பதே இல்லை, நாளைக்குக் காலை எட்டு மணிக்கு என்ன, பதினொன்றுக்கு என்ன என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து அதைத்தான் எழுதித் தருகிறேன்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மகளோ மருமகளோ நோயாளிக்குப் பதில் பேசினால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் பெரியவரைப் பார்த்து உட்கார்வேன். சொல்லாமலே புரிந்துவிடும்.

7 மே (தராசுக்காரி)

கத்திரி ஆரம்பித்துவிட்டது, இந்த வாரம் பாதிப் பேர் தண்ணீர்க் கதைதான்.

இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவர்களுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று அளவு சொல்லியிருப்பார்கள். தண்ணீர் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காபி, ரசம், மோர், கஞ்சி, பாயசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான். இதற்கு வீட்டுச் சொம்புதான் நல்ல வாத்தியார். காலையில் ஒன்றரை லிட்டரைப் பிடித்து வையுங்கள். ஒரு டம்ளர் காபி குடித்தால் சொம்பிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றுங்கள். மீதி இருப்பதுதான் இன்றைக்கு மிச்சம், கணக்கு நோட்டே வேண்டாம். தாகத்துக்குச் சின்ன ஐஸ் துண்டு, எலுமிச்சைத் துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைத்தால் பாவம், தாகத்திலேயே செத்துப்போவார்கள். தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு எடை பார்க்கச் சொல்லுங்கள், மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டுச் சதை இல்லை, தண்ணீர், டாக்டருக்குப் போன் போட வேண்டும்.

8 மே (தராசுக்காரி)

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எல்லா வயதானவர் வீட்டிலும் சொம்பை மூடி வைத்துவிடப் போகிறீர்களே என்று ராத்திரி தோன்றியது. அது டாக்டர் அளவு சொன்னவர்களுக்கு மட்டும். மற்ற பெரியவர்களுக்கு வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடும், அவர்களைக் கேட்டுக் கேட்டுக் குடிக்கவைக்க வேண்டும்.

இதே போல உப்பிலும் மறுபக்கம் உண்டு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற ஒரு பெரியவர், வீட்டில் பயந்துபோய் உப்பே இல்லாத சமையல், வெயில், வியர்வை, சாப்பாடும் குறைவு. ஒரு நாள் பேச்சு குழறி, மருமகளைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறதி நோய் வந்துவிட்டது என்று வீடே அழுதது. ரத்தத்தில் சோடியம் 135க்குக் கீழே போகக் கூடாது, அவருக்கு 118. சரிசெய்த பிறகு பழைய ஆளாக எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டும், பூஜ்யமாக்கக் கூடாது.

இளநீர் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றில் 500 மில்லிகிராமுக்குக் குறையாத பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியம் ஏறியவருக்கு வேண்டாம், மற்றவர்கள் குடிக்கலாம். பார்க்க வரும் உறவுக்காரர்கள் கையில் இளநீரும் ஹார்லிக்ஸும்தான் இருக்கும், வாசலிலேயே வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.

19 மே (தராசுக்காரி)

பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் இருமல் வருகிறது, சாதம் கொடுத்தால் வருவதில்லை, இது எப்படி என்று ஒருவர். அப்படித்தான் வரும். விழுங்கும் தசை தளர்ந்துவிட்டால் தண்ணீர், காபி மாதிரி நீர்த்ததுதான் ஆபத்து, தொண்டை மூடிக்கொள்வதற்குள் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். எல்லாரும் நோயாளிக்கு இதம் என்று கரைத்துக் கொடுக்கும் ரசம் சாதம் இதில் மோசமான சாப்பாடு, பருக்கையும் நீரும் தனித்தனியாக வாய்க்குள் பிரிந்து போகும். தயிர் சாதத்தைக் கெட்டியாக மசித்து, மேலே மோர் ஊற்றாமல் கொடுப்பது மேல். நேராக உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்து அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. எந்த அளவு கெட்டி என்பதை விழுங்குதல் சிகிச்சை தெரிந்த தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும், உலகம் முழுக்க அதற்கு 0 முதல் 7 வரை படிநிலை வைத்திருக்கிறார்கள். இருமாமலே உள்ளே போகிறவர்களும் உண்டு, அடிக்கடி காய்ச்சல், சளி என்றால் சந்தேகப்படுங்கள்.

2 ஜூன் (தராசுக்காரி)

சமைக்கவே ஆள் இல்லாதவர்கள் பற்றி இந்த இழையில் யாரும் பேசவில்லை. பெரம்பூர் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வருவார், மனைவி இல்லை, காலையும் மதியமும் அம்மா உணவகம்தான். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அவரிடம் யாரோ கினுவா சாலட் எழுதித் தந்திருந்தார்கள், அந்தப் பேப்பரை மடித்துப் பஸ் பாஸ் கவரில் வைத்திருந்தார், மரியாதைக்கு. அவருக்கு நாங்கள் போட்டது: இட்லி மூன்று, சாம்பாரை இட்லி மேல் ஊற்றாமல் தொட்டுக்கொள்வது, பையில் எப்போதும் ஒரு பிடி பொட்டுக்கடலை, டீக்கடையில் பஜ்ஜிக்குப் பதில் அவித்த முட்டை, தயிர் சாதத்தோடு வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஒரு வெள்ளரிக்காய். சர்க்கரை அளவு அற்புதமாகவெல்லாம் இறங்கவில்லை, கொஞ்சம் இறங்கியது. அவர் வயதுக்கும் நிலைக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8க்குள் இருந்தாலே எனக்குத் திருப்தி, 6.5க்கு இழுத்துப் பிடித்துத் தாழ்சர்க்கரையில் ரோட்டில் விழுவதைவிட.

கேரியர் சாப்பாடு வாங்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் அப்பா அம்மா கதை வேறு. பணம் உண்டு, ஆனால் கேரியர்காரருக்கு எல்லா வீடும் ஒரே உப்புதான். கூட்டு, பொரியலை மட்டும் உப்பில்லாமல் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் பலர் செய்து தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

3 ஜூன் (தராசுக்காரி)

கினுவா என்றால் என்ன என்று கேட்டவருக்கு: தானியம் மாதிரி ஒரு வெளிநாட்டுச் சரக்கு. பெரம்பூர் தாத்தாவும் அதைத்தான் கேட்டார்.

22 ஜூன் (தராசுக்காரி)

பழைய பேப்பரைக் கிழிக்கவும் சொல்லித் தர வேண்டும். கிட்னிக்காகப் புரதம் குறைத்துக்கொண்டிருந்தவர் டயாலிசிஸ் ஆரம்பித்ததும் கணக்கு தலைகீழ், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், டயாலிசிஸிலேயே புரதம் வெளியே போகிறது. வீட்டில் யாரும் சொல்லாததால் பழைய சார்ட்டின்படி முட்டையை மறைத்து வைக்கிறார்கள். அதே மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள். கீரையே தொடாதே என்று ஒரு காலத்தில் யாரோ சொன்னதைப் பத்து வருடமாகக் கடைப்பிடிப்பார்கள். வேண்டியது ஒரே சீரான அளவு. வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், ஊரிலிருந்து கட்டுக்கட்டாக வந்தது என்று ஒரே வாரத்தில் ஏழு நாளும் கீரை சாப்பிட்டுவிடக் கூடாது. அபிக்சபான் மாதிரிப் புது மாத்திரைக்கு மாற்றியிருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

என் மாமியார் இதையெல்லாம் படித்துவிட்டு நார்த்தங்காய் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. தயிர் சாதத்துக்கு ஒரு துண்டு, கழுவிவிட்டு. அதையும் எடுத்துவிட்டால் அவர் தயிர் சாதத்தையே நிறுத்திவிடுவார், அது பெரிய நஷ்டம்.

20 ஜூலை (தராசுக்காரி)

ஆடி பிறந்துவிட்டது, இன்பாக்ஸ் முழுக்க அம்மன் கோவில் கூழ். சர்க்கரை உள்ளவர் ஒரு டம்ளர், மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, அதுவே அந்த வேளைச் சாப்பாடாக இருக்கட்டும், கூழ் குடித்துவிட்டு மேலே இட்லி கூடாது. கருவாட்டுக் குழம்பு கிட்னிக்காரருக்கும் கால் வீக்கக்காரருக்கும் வேண்டாம், முருங்கைக்கீரைப் பொரியலோடு குடிக்கட்டும். தண்ணீர் அளவு உள்ளவருக்குக் கூழும் சொம்புக் கணக்கில் வரும்.

ஆடி வெள்ளி விரதம்தான் எனக்குப் பயம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் பூஜை முடியும்வரை இருப்பார்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள், அன்றைக்குக் காலை வந்து கேட்காதீர்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு மாறினால், மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால், விரதம் முடிந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை, ஏறியதும் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குப் போடுங்கள். வோக்லிபோஸ் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, அந்த மாத்திரை அதைத்தான் தடுக்கிறது, அவர்களுக்கு மருந்துக்கடைக் குளுக்கோஸ் பவுடர்தான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு டப்பா வாங்கி பூஜை அறையிலேயே வைத்துவிடுங்கள்.